ஜூவில் ஆறு விலங்குகள் போதும்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஜூவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சொன்னதும், "எல்லாத்தையும் பார்த்துட முடியுமா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பெற்றோர் கேட்பார்கள், சக ஆசிரியர்கள் கேட்பார்கள், பஸ் ஓட்டுநரும் கேட்பார். முடியாது. முடிந்தாலும் வேண்டாம் என்பதுதான் என் அனுபவம். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் ஆறு விலங்குகள் போதும். ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடம், பிடித்துப்போனால் கால் மணி நேரம். போகிற வழியில் மற்றவை கண்ணில் பட்டால் படட்டும், அது கணக்கில் இல்லை.

எல்லாவற்றையும் காட்ட நினைத்தால், நாள் முழுக்க "வா, வா, சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே இருப்போம். பிள்ளைகளும் ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் அரை நிமிடம் நின்று, பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு ஓடுவார்கள். புலியின் பெயர் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதைச் சொல்வதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. புலி எப்படி நடக்கிறது, நடக்கும்போது தோள் எலும்பு எப்படி மேலும் கீழும் போகிறது, தண்ணீர் குடிக்கையில் நாக்கை என்ன செய்கிறது என்பதையெல்லாம் நின்று பார்த்தால்தான் தெரியும்.

அந்த ஆறைத் தேர்ந்தெடுக்க முன்கூட்டியே ஒருமுறை தனியாகப் போய்வர வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. பிள்ளைகளோடு போகப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் போவது நல்லது. நிறைய உயிரியல் பூங்காக்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. சில கூண்டுகள் பராமரிப்புக்காக மூடியிருக்கும். இதையெல்லாம் அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உணவு கொடுக்கும் நேரத்தையும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தை ஒட்டித்தான் பல விலங்குகள் எழுந்து நடமாடும்.

அந்த முன்பயணத்தில் நான் கட்டாயம் செய்வது ஒன்று உண்டு. ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். சுற்றியிருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. நின்றால் எனக்குச் சிங்கம் நன்றாகத் தெரியும். அதே இடத்தில் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தால் கைப்பிடிச் சுவரின் சிமென்ட் பூச்சு மட்டும்தான் தெரியும். அகழி வைத்த திறந்தவெளி அடைப்புகளில் இது அடிக்கடி நடக்கும். "தெரியலை மிஸ், தெரியலை மிஸ்" என்று பிள்ளைகள் எம்பிக் குதிப்பதும், சுவர்மேல் ஏறப் பார்ப்பதும் இதனால்தான். அது ஆபத்து. குனிந்து பார்த்துத் தெரியாத இடம் என் பட்டியலில் இருக்காது, உள்ளே எவ்வளவு அழகான விலங்கு இருந்தாலும் சரி. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இருந்தால் பாதையின் சரிவு, படிக்கட்டு எல்லாவற்றையும் அன்றே பார்த்துவிடுவேன். நிழலும் கழிப்பறையும் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் குறித்துக்கொள்வேன்.

ஆறும் ஆறு விதமாக இருக்க வேண்டும். ஓயாமல் ஆடுகிற ஒன்று, அசையாமல் கிடக்கிற ஒன்று, பெரிய விலங்கு ஒன்று, பறவை ஒன்று, ஊர்வன ஒன்று, அப்புறம் பிள்ளைகள் தாமாகத் தேர்ந்தெடுக்கவே மாட்டாத ஒன்று. பெரும்பாலும் குரங்கு, முதலை, யானை அல்லது ஒட்டகச்சிவிங்கி, ஆந்தை, பாம்பு, மான் என்று அமையும். சிங்கமும் புலியும் எங்கே என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தால் காலையில் முதல் வேலையாகக் காட்டிவிடுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் சிங்கம் படுத்துவிடும். ஒரு நாளில் 16 முதல் 20 மணி நேரம் வரை ஓய்வெடுக்கும் விலங்கு அது. "நாம போறப்ப அது தூங்கிட்டிருக்கும், தூங்குறப்ப வயிறு ஏறி இறங்குறதை எண்ணிப் பார்க்கலாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால், தூங்கும் சிங்கத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எழுப்புவதற்குக் கத்தவும் மாட்டார்கள்.

போவதற்கு முந்தைய வாரம் வகுப்பில் நிறையத் தகவல்களைக் கொட்ட வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒரு பிள்ளை சுவரோரமாக நிற்க வேண்டும். இன்னொரு பிள்ளை எதிர்ப்புறமிருந்து மெல்ல நடந்து வர வேண்டும். 'இதுக்கு மேல வராதே' என்று தோன்றும்போது முதல் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். மெல்ல நடந்து வந்தால் ஒரு தூரம், ஓடி வந்தால் ஒரு தூரம், நாலைந்து பேர் சேர்ந்து கத்திக்கொண்டே வந்தால் இன்னொரு தூரம். மூன்றையும் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுப் பார்ப்போம். விலங்குகளுக்கும் இப்படி ஒரு தூரம் உண்டு. அதற்கு உள்ளே யாராவது வந்தால் அவை விலகி ஓடப் பார்க்கும். இதை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் (1908–1992). பெர்ன், பாசெல், சூரிச் உயிரியல் பூங்காக்களை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. விலங்குக்குப் பின்வாங்க இடமும் ஒளிந்துகொள்ள மறைவும் இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்றார்.

விளையாட்டு முடிந்ததும் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஓடுறதுக்கு இடமே இல்லாதப்ப ஒருத்தர் வந்து கண்ணாடியைத் தட்டினா எப்படி இருக்கும்?" அதற்கப்புறம் 'கண்ணாடியைத் தட்டாதே' என்று விதி எழுதிப்போட வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அங்கே யாராவது பெரியவர் தட்டினால், "தட்டாதீங்க அங்கிள், அது பயப்படும்" என்று இவர்களே போய்ச் சொல்லிவிடுவார்கள்.

குரங்கைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். பிள்ளைகள் குரங்கைப் பார்த்ததும் பல்லைக் காட்டிச் சிரிப்பார்கள், கண்ணோடு கண் வைத்து உற்றுப் பார்ப்பார்கள். பல குரங்கினங்களில் உற்றுப் பார்ப்பதே மிரட்டல்தான். வாயைப் பிளந்து பல்லைக் காட்டுவது சண்டைக்கு இழுப்பதாகவோ பயமாகவோ இருக்கலாம். நாம் சிரிப்பு என்று நினைத்துக்கொள்வது அங்கே சிரிப்பே இல்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்தால் அவை தம் பாட்டுக்கு இருக்கும். ஒன்று இன்னொன்றின் முதுகு மயிரை விலக்கி விலக்கிப் பார்க்கும். யார் யாருக்குப் பார்த்துவிடுகிறார்கள் என்று என் வகுப்புப் பிள்ளைகள் அம்புக்குறி போட்டுப் படம் வரைந்தார்கள். ஒரு பெரிய ஆணுக்கு மட்டும் மூன்று பேர் பார்த்துவிட, அது யாருக்கும் திருப்பிச் செய்யவில்லை. "அது ஹெட்மாஸ்டர் மாதிரி" என்று ஒரு பையன் சொன்னான். கூட்டத்தில் படிநிலை உண்டு என்ற பாடம் அங்கேயே முடிந்தது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை நான் பிடிவாதக்காரி. ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும், அதற்குக் குறையக் கூடாது. உதவிக்கு வரும் பெற்றோரை அவரவர் பிள்ளை இல்லாத குழுவில் போடுவேன். சிலருக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் தன் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பவரால் மற்ற நால்வரைக் கவனிக்க முடியாது. அடையாள அட்டையில் பள்ளியின் பெயரும் கூட வரும் ஆசிரியரின் கைபேசி எண்ணும் இருந்தால் போதும். பிள்ளையின் பெயர் வெளியே தெரிய வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சின்னப் பிள்ளை தெரிந்தவர் என்று நம்பிவிடும். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் தொப்பி இருந்தால் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சுலபம்.

தலையை எண்ணுவதை நான் நம்புவதில்லை. பிள்ளைகள் ஒரு இடத்தில் நிற்பதில்லை, அதனால் ஒருவரையே இரண்டு முறை எண்ணிவிடுவோம். அதற்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துவிடுவேன். கிளம்பும்போதெல்லாம் ஒன்றிலிருந்து வரிசையாகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எந்த எண் வரவில்லையோ அந்தப் பிள்ளை இல்லை. யார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒருமுறை பதினாறுக்குப் பிறகு சத்தம் நின்றுவிட்டது. பதினேழு ஒரு வாயாடிப் பையன், பதில் சொல்லாமல் இருக்கிறவன் இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மற்றவர்களை இருந்த இடத்திலேயே உட்காரவைத்துவிட்டு, கூட வந்த ஒரு பெரியவர் வந்த வழியே திரும்பிப் போனார். பையன் நீர்நாய்த் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். 'வழி தவறிப்போனால் தேடி அலையாதே, இருக்கும் இடத்திலேயே உட்கார், நாங்கள் வருவோம்' என்று வகுப்பில் சொல்லி, நடித்தும் காட்டியிருந்தோம். அதை அப்படியே செய்திருந்தான். "நீங்க வருவீங்கன்னு தெரியும் மிஸ், அதான் நீர்நாயைப் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றான். பிள்ளை தேடி அலைந்திருந்தால் நாங்கள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் என்று சுற்றிக்கொண்டிருப்போம். இதைச் சொன்னால் மட்டும் போதாது, பள்ளி மைதானத்தில் இரண்டு முறையாவது நடித்துப் பார்த்துவிட வேண்டும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் வாந்தி வரும் பிள்ளைகள் முன் இருக்கையில். மாத்திரை, ஒவ்வாமை விவரங்கள் ஒப்புதல் கடிதத்திலேயே எழுதி வாங்க வேண்டும். யாரிடமும் காசு கொடுத்தனுப்ப வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டால் பொம்மைக் கடை முன்னால் அழுகை இருக்காது. சாப்பிடும் இடம் குரங்குகள் நடமாடாத பக்கமாக இருக்கட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் எதுவும் கொண்டுவரக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு. காற்றில் பறந்து அடைப்புக்குள் போன உறையை மான் தின்றுவிட்டால் அது வயிற்றில் தங்கி உயிருக்கே உலை வைக்கும். பெரியவர்களின் கைபேசி பைக்குள். படம் எடுக்க ஒருவர் மட்டும் போதும், அதற்கும் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

ஒரு கூண்டின் முன்னால் போய் நின்றதும் முதல் இரண்டு நிமிடம் சத்தமாகத்தான் இருக்கும். தடுக்க வேண்டாம். அதற்கப்புறம் எல்லோரும் உட்கார்ந்து நோட்டை எடுக்க வேண்டும். முழு விலங்கையும் வரையச் சொன்னால் புத்தகத்தில் பார்த்த படத்தைத்தான் வரைவார்கள். அதனால் ஒரு உறுப்பை மட்டும் சொல்வேன்: யானையின் துதிக்கை நுனி, ஆந்தையின் கால், மானின் கொம்பு. துதிக்கை நுனியில் விரல் போல நீட்டிக்கொண்டிருப்பது ஒன்றா இரண்டா என்று பார்க்கச் சொன்னால், கண் அங்கேயே நிலைத்துவிடும். ஆசிய யானைக்கு ஒன்று, ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு.

என் வகுப்பு அதிக நேரம் உட்கார்ந்தது முதலையின் முன்னால்தான். முதலில் எல்லோரும் அது சிலை என்று முடிவு கட்டிவிட்டார்கள். வாயைத் திறந்தபடி ஆடாமல் அசையாமல் கிடந்தது. "சிலையா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நானும் உட்கார்ந்துகொண்டேன். ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு பேர் மண்ணைக் கிளற ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது, அதிகம் பேசாத ஒரு பெண் என் முழங்கையைத் தொட்டு, "மிஸ், அதோட கண்ணுக்குள்ள ஒரு கதவு சைடுல மூடித் திறந்துச்சு" என்றாள். முதலைக்கு மேலிமை கீழிமை தவிர மூன்றாவதாக ஒரு மெல்லிய இமை உண்டு. ஒளி ஊடுருவக்கூடியது, பக்கவாட்டில் நகரும், தண்ணீருக்குள் கண்ணைக் காப்பாற்றும். இது பாடப் புத்தகத்தில் இருந்திருந்தால் படித்துவிட்டு மறந்திருப்பார்கள். இப்போது வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த முறை அந்தக் கதவு மூடுவதற்காகக் காத்திருந்தது. வாயை ஏன் திறந்து வைத்திருக்கிறது என்ற கேள்வியும் தானாக வந்தது. முதலைக்கு நம்மைப்போல வியர்த்து உடம்பைக் குளிர்விக்க முடியாது, வாயைத் திறந்து வைத்தால் சூடு தணியும். காரணங்களில் அது ஒன்று.

ஒட்டகச்சிவிங்கியிடம் போகும்போது பையில் ஒரு கருநீல ரிப்பன் வைத்திருப்பேன், 45 சென்டிமீட்டர் நீளம். அதன் நாக்கு ஏறக்குறைய அவ்வளவு நீளம், நிறமும் அதை ஒட்டியதுதான். பள்ளி ஸ்கேல் ஒன்றரை. ரிப்பனை ஆளாளுக்குத் தாடையிலிருந்து தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் அவரவர் கழுத்தின் பின்புறத்தைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். நம் கழுத்தில் ஏழு எலும்புகள், அவ்வளவு நெடிய கழுத்திலும் அதே ஏழுதான், ஒவ்வொன்றும் நீளமாக இருக்கிறது, அவ்வளவே. இதை வீட்டில் போய்ச் சொல்லாத பிள்ளை இல்லை.

மானை நான் வேண்டுமென்றே சேர்ப்பேன். யாரும் நின்று பார்க்காத விலங்கு அது. ஒரே கூட்டத்தில் ஓர் ஆணுக்குக் கொம்பு பளபளவென்று இருக்கும், இன்னொன்றுக்கு வெல்வெட் போர்த்தியதுபோல மயிர் படர்ந்திருக்கும், வேறொன்றுக்குக் கொம்பே இருக்காது. ஏன் என்று பிள்ளைகளையே யோசிக்கவிட வேண்டும். மான் கொம்பு உதிர்ந்து மறுபடியும் முளைப்பது, வளரும்போது அதன்மேல் ரத்தம் ஓடும் தோல் மூடியிருக்கும். வெளிமானின் கொம்பும் மாட்டின் கொம்பும் அப்படி உதிராது. இரண்டுக்கும் தமிழில் கொம்பு என்றே சொல்கிறோம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பாம்பு இருக்கும் அறைக்குள் வரமாட்டேன் என்று ஒரு பிள்ளையாவது அடம்பிடிக்கும். இழுத்துக்கொண்டு போகக் கூடாது. "ஒண்ணும் செய்யாது, வா" என்று சொல்லவும் வேண்டாம், பயம் அப்படிப் போகாது. வெளியே ஒரு பெரியவரோடு நிற்கவைத்து அதற்கொரு வேலை கொடுத்துவிடுவேன்: வெளியே வரும் ஒவ்வொருவரிடமும் 'உள்ளே என்ன பார்த்தாய்' என்று கேட்டு எழுத வேண்டும். அப்படி எழுதிய ஒரு பையனின் நோட்டில்தான் அன்றைக்கு இருந்ததிலேயே நல்ல குறிப்புகள் இருந்தன. பாம்பு கண்ணை மூடவே இல்லை என்று பலரும் சொன்னதைக் கவனித்து, "அப்போ அது எப்படித் தூங்கும்?" என்று கேட்டவனும் அவன்தான். பாம்புக்கு இமை கிடையாது, ஒளி ஊடுருவும் செதில் ஒன்று கண்ணை மூடியிருக்கும், அப்படியேதான் தூங்கும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம். ஒரு கரடி ஒரே தடத்தில் நடந்துகொண்டிருந்தது. சுவர் வரைக்கும் போகும், அதே இடத்தில் தலையை ஒரு சுழற்றுச் சுழற்றும், திரும்பி வரும். தரையில் அந்தத் தடம் மட்டும் புல் இல்லாமல் தேய்ந்துபோயிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் தன் குழந்தையிடம் "பாரு, கரடி டான்ஸ் ஆடுது" என்றார். என் பிள்ளைகள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. எட்டு முறை எண்ணிவிட்டு, "மிஸ், அது ஏன் அதே இடத்துல திரும்புது? அதுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. அடைபட்டு வாழும் விலங்குகளில் சில இப்படி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும். செய்வதற்கு வேலை இல்லாதது, இடம் போதாதது, பழைய நெருக்கடியான கூண்டில் தொற்றிக்கொண்ட பழக்கம், சாப்பாட்டு நேரத்துக்காகக் காத்திருப்பது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நல்ல இடத்துக்கு மாறிய பிறகும் சில விலங்குகளிடம் அது போகாது. இதைத்தான் எளிமையாகச் சொன்னேன். அடுத்து, "அதுக்கு நாம என்ன செஞ்சா நல்லா இருக்கும்?" என்று கேட்டேன். சாப்பாட்டை ஒளித்துவைக்கலாம், ஏற மரம் வைக்கலாம், வாசனையுள்ள எதையாவது போட்டுவிடலாம் என்று அடுக்கினார்கள். காப்பாளர்கள் செய்வதும் இதைத்தான். மரக்கட்டைத் துளைகளில் பழத்தைத் திணித்துவைப்பார்கள், தேடி எடுக்கவே அதற்குப் பாதி நாள் ஆகும்.

விலங்குகளை அடைத்து வைக்கலாமா என்று கேட்கிற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அதற்கு ஒற்றை வரியில் நான் பதில் சொல்வதில்லை, இரண்டு பக்கத்தையும் சொல்வேன். கம்பிகளுக்குப் பதிலாக அகழி வைத்துத் திறந்தவெளியில் விலங்குகளைக் காட்டும் முறையை, ஜெர்மானிய விலங்கு வணிகரான கார்ல் ஹாகன்பெக் 1907-இல் ஹாம்பர்க்கில் திறந்த பூங்கா பிரபலமாக்கியது. அதற்கு முன்னால் இருந்த கூண்டுகளோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம்தான், ஆனாலும் அடைப்பு அடைப்புதான். மறுபக்கம் அரேபிய ஓரிக்ஸ் மான் இருக்கிறது. 1972-இல் காட்டில் அந்த இனமே இல்லாமல் போய்விட்டது. பூங்காக்களில் காப்பாற்றி வளர்த்தவற்றின் வாரிசுகளைத்தான் 1982-இல் ஓமான் பாலைவனத்தில் மறுபடியும் விட்டார்கள். உயிரியல் பூங்கா இல்லாவிட்டால் அந்த மான் இன்று இல்லை. இரண்டும் உண்மை என்று ஏற்றுக்கொள்வது பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கிறது என்பது நான் கவனித்தது. வெள்ளைப் புலியைப் பார்த்து அது தனி இனம் என்று நினைத்தாலும் திருத்திவிடுவேன். அது ஒரு மரபணு மாற்றத்தால் வரும் நிறம். அந்த நிறத்துக்காகவே நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்யவைத்ததால் பல குட்டிகள் உடல் குறைகளோடு பிறந்தன.

திரும்பி வந்த மறுநாள் 'நான் சென்ற சுற்றுலா' என்று பத்து வரிக் கட்டுரை எழுதச் சொல்வதில்லை. எல்லாரும் "காலையில் புறப்பட்டோம், மாலையில் மகிழ்ச்சியுடன் திரும்பினோம்" என்று ஒரே கட்டுரையை எழுதுவார்கள். அதற்குப் பதிலாக நோட்டுகளைத் தரையில் பரப்பிவைத்து, ஒரே விலங்கை வரைந்தவர்களை ஒன்றாக உட்காரவைப்பேன். ஒருவர் வரைந்த ஆந்தைக் காலில் முன்னால் மூன்று விரல், இன்னொருவர் வரைந்ததில் இரண்டு. யார் சரி என்று சண்டை வரும். வரட்டும். ஆந்தையால் ஒரு விரலை முன்னும் பின்னும் திருப்பிக்கொள்ள முடியும், அதனால் இருவருமே சரியாகப் பார்த்திருக்கலாம். அப்புறம் ஒவ்வொரு விலங்குக்கும் பிள்ளைகளே ஒரு பலகை எழுதுவார்கள். பூங்காப் பலகையில் இருக்கும் எடை, ஆயுள், அறிவியல் பெயர் எல்லாம் இதில் இருக்காது, அவர்கள் கண்ணால் பார்த்தது மட்டும்தான் இருக்கும். அதில் ஒன்று: "இந்த முதலை சிலை இல்லை. கண்ணைப் பாருங்கள். பொறுமை வேண்டும்."

எல்லாம் முடிந்ததும், முன்பயணத்தில் குறித்துவைத்த அந்த வரைபடத்தை எடுத்து, எந்தச் சுவர் உயரம், எந்த இடத்தில் எந்த நேரம் வெயில், எந்தக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, எந்தக் காப்பாளர் பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசினார், எந்த விலங்கின் முன்னால் வகுப்பு அலுத்துப்போனது என்று சிவப்பு மையில் எழுதி வகுப்பறை அலமாரியில் வைத்துவிடுவேன். அடுத்த ஆண்டு இந்த வகுப்பை எடுக்கும் ஆசிரியருக்கு அது உதவும். ஆனாலும் அவரும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது, கூண்டுகளை மாற்றியிருப்பார்கள்.